கசியத் தெரிந்த கலயம்

பாத்திரம் எதுவாயினும், தன்னுள் வைத்த பொருளை வெளியே விடாது காப்பதே அதற்குரிய தருமம் என்பது உலகோர் அனைவரும் ஒப்புக்கொண்ட விஷயம். பித்தளைக் குடமாகட்டும், எவர்சில்வர் செம்பாகட்டும், ஒரு துளி கசிந்தாலும் அதைக் குறையென்று கருதிப் பற்றவைப்பவனைத் தேடிப் போகிறோம். இந்தப் பொது விதிக்கு விலக்காக நிற்பது மண்ணால் வனைந்த தண்ணீர்ப்பானை ஒன்றே. சித்திரை வெயில் ஏறும் நாட்களில் தென்காசிக் கடைத்தெருவில் வைக்கோல் பரப்பி அடுக்கியிருக்கும் பானைகளுள் ஒன்றை விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, விலைபேசி வாங்கிச் சென்று, நீர் நிரப்பி மணல்மேல் வைத்து, மறுநாட் காலையில் அதன் வெளிப்புறம் வேர்த்திருக்கக் கண்டால் வீட்டுப் பெண்கள் மகிழ்கிறார்கள். வேர்க்காத பானையோ தண்ணீரைக் குளிரச் செய்யாது என்ற பழிக்கு ஆளாகிறது. அப்பானை கசியவும் வேண்டும், ஆயினும் ஒழுகலாகாது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய எல்லையை அளவுகோலும் வெப்பமானியும் இன்றிக் கையாலும் கண்ணாலும் நெருப்பின் நிறத்தாலும் கண்டறிந்து, தலைமுறை தலைமுறையாக அதிலே நிலைத்து நிற்பதுதான் குயவர்களுடைய கலையின் சூக்ஷ்மம்.

அந்தச் சூக்ஷ்மத்தை அறிய விரும்புவோர் முதலில் மலைப்பக்கம் திரும்பவேண்டும். குற்றாலத்து அருவிகள் குதித்து இறங்கும் பாறைகள், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே பூமியின் ஆழத்தில் கடும் அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் உருவானவை. அவற்றின் பெரும்பகுதி ஃபெல்ஸ்பார் என்ற கனிமமும் குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லுமாகும். ஆகாயத்திலிருந்து இறங்கும் மழைநீர், காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, யுகக்கணக்கில் அப்பாறைகளின்மேல் வழிந்தோடும்போது, ஃபெல்ஸ்பாரிலுள்ள பொட்டாசியம், சோடியம், கால்சியம் முதலியவை கரைந்து போகின்றன. எஞ்சிய அலுமினியமும் சிலிக்காவும் நீரோடு கூடிப் புதியதொரு கனிமமாக உருவெடுக்கின்றன, அதுவே களிமண். குவார்ட்ஸோ எளிதில் மாற்றமடையாத பிடிவாதமுள்ள பொருளாதலால் மணலாகவே மிஞ்சுகிறது. சிற்றாறு இவ்விரண்டையும் சுமந்து தென்காசியைக் கடந்து கிழக்கே செல்லும்போது, கனத்த மணல் ஆற்றுப் படுகையிலேயே தங்கிவிட, மிக நுண்ணிய களித்துகள்கள் கால்வாய்களின் வழியே குளங்களை அடைந்து, அசைவற்ற நீரில் மெல்ல மெல்லப் படிகின்றன. ஆகவே குளத்து வண்டல் என்பது மலையை மழை அரைத்து, ஆறு சலித்து, குளம் படியவைத்துத் தந்த பொருள். குயவர் மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பே வேலையின் முதற்பாதி முடிந்துவிடுகிறது.

களிமண்ணின் துகள் இரண்டு மைக்ரானுக்கும் குறைந்த அளவுடையது. அதாவது ஐந்நூறு துகள்களை வரிசையாக வைத்தாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. அதன் வடிவமோ மெல்லிய தகடு. நனைந்த வெற்றிலைக் கவுளியில் இலைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமலும், அதே சமயம் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லக்கூடியனவாகவும் இருப்பதுபோல, இத்தகடுகளும் இடையிலுள்ள நீர்ப்படலத்தால் பிணைக்கப்பட்டும் வழுக்கியும் நிற்கின்றன. அழுத்தினால் அழுத்திய பக்கம் வளைந்து கொடுப்பதும், கையை எடுத்தபின் அவ்வடிவத்திலேயே நிலைப்பதுமாகிய களிமண்ணின் அபூர்வ குணம் இதனால் உண்டாயிற்று. ஆனால் இதே குணத்தில் ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. ஈரம் உலரும்போது தகடுகள் நெருங்கி வருவதால் பாண்டம் சுருங்குகிறது. ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் தாமதமாகவும் சுருங்கினால் வெடிக்கிறது. இதனாலேயே வழுவழுப்பான குளத்துக் களியோடு மணலையோ மணற்பாங்கான செம்மண்ணையோ அளவறிந்து கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். சுருங்காத மணல், சுருங்கும் களியினூடே தூண்போல நின்று பாண்டத்தைத் தாங்குவதோடு, நீராவி வெளியேறுவதற்கு வழியும் அமைத்துக் கொடுக்கிறது. எந்தக் குளத்து மண்ணுக்கு எத்தனை கூடை மணல் என்பது எந்த ஏட்டிலும் எழுதப்படாத கணக்கு. மிதிக்கும் பாதமே அதைச் சொல்லுகிறது.

நெல்லைச் சீமையில் இக்கலை வேரூன்றிய ஊர்கள் பல. தென்காசிக்கு அருகிலுள்ள தேன்பொத்தை, சேரன்மகாதேவிக்கு அடுத்த காருகுறிச்சி ஆகியவை மண்பாண்டத்துக்குப் பேர்போனவை. செங்கோட்டைக் கணவாயின் வழியாக மலையாள நாட்டுச் சமையலறைகளுக்கு இப்பக்கத்துச் சட்டிகள் செல்வதும் வழக்கமாக இருந்துவருகிறது. சிற்றாறு சீவலப்பேரியில் பொருநையோடு கலந்து கிழக்கே செல்லும் வழியில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான யாகோர் தோண்டத் தொடங்கியதும், பின்னர் அலெக்ஸாண்டர் ரீ விரிவாக அகழ்ந்ததும், 2004-ஆம் ஆண்டிலிருந்து இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்ததும் பிரசித்தமான செய்திகள். அங்கு மண்ணடியிலிருந்து வெளிவந்த தாழிகளும், கிண்ணங்களும், உள்ளே கறுத்து வெளியே சிவந்த கலங்களும், பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் தம் உருவம் கெடவில்லை. இரும்பு துருவேறி உதிர்கிறது. மரம் மக்கிப் போகிறது. சுட்ட மண்ணோ நிலைத்து நிற்கிறது. இந்த நிலைபேறு எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

வனைதலில் நம்மவர் முறை தனிச் சிறப்புடையது. சக்கரத்தின் நடுவில் வைத்த மண்திரளைப் பெருவிரலால் குழித்து, விளிம்பை எழுப்பி, கழுத்தையும் வாயையும் முற்றுவித்தபின், அடிப்பாகம் திறந்தபடியே நூலால் அறுத்து எடுத்துவிடுகிறார்கள். இந்நிலையில் அது பானையன்று. வாயும் கழுத்தும் தடித்த தோளும் மட்டுமே உடைய ஒரு வளையம். நிழலில் வைத்து அரை ஈரம் உலர்ந்தபின், உள்ளே ஒரு கையால் வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மறு கையால் மரத் தட்டுப்பலகையைக் கொண்டு மெல்ல மெல்லத் தட்டுகிறார்கள். தட்டத் தட்டத் தடித்த சுவர் மெலிந்து விரிந்து, திறந்திருந்த அடி சிறிது சிறிதாகக் குவிந்து மூடிக்கொள்கிறது. கல்லும் பலகையும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில், சுவரின் இருபுறமும் சந்திக்கவேண்டும். கல் விலகினால் பலகை பானையைப் பொத்துவிடும். இவ்வாறு அடிபட்ட களித்துகள்கள் சுவருக்கு இணையாகப் படுத்துக்கொள்வதால் சுவர் மெல்லியதாக இருந்தும் வலிமை பெறுகிறது. உருண்டை வடிவமோ நெருப்பின் வேகத்தை எல்லாப் பக்கமும் ஒரே சீராக வாங்கிக்கொள்கிறது. சக்கரத்தின் வேகமும் தட்டுப்பலகையின் பொறுமையும் ஒருங்கு சேர்ந்தாலன்றித் தண்ணீர்ப்பானை உருவாவதில்லை.

பூமியின் மறுபுறத்தில், மெக்ஸிகோ தேசத்தில், ஸ்பானியர் காலடி வைப்பதற்கு முன்பு குயச்சக்கரமே கிடையாது. மண்ணைக் கயிறாகத் திரித்துச் சுற்றி அடுக்கியும், அச்சில் அழுத்தியும் அந்நாட்டார் கலங்களைச் செய்தார்கள். ஓஹாக்கா மாநிலத்தில் உள்ள சான் பர்தோலோ கொயொதேபெக் என்னும் ஊரில், கவிழ்த்த ஒரு தட்டின் முதுகில் மற்றொரு தட்டை வைத்து, அதைக் கையால் சுழற்றிக்கொண்டே வனையும் முறை இன்றும் நடைபெறுகிறது. மெஸ்கால் என்னும் மதுவைச் சிறு மண்கிண்ணங்களில் அருந்துவதும், கற்றாழை இனத்தைச் சேர்ந்த மகேய் செடியின் சாற்றிலிருந்து உண்டாகும் புல்கே என்னும் பானத்தை மண்குவளையில் வார்த்துக் குடிப்பதும் அங்குள்ள பழக்கம். ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டுக் குயவர்கள், சாதனங்கள் வேறாயினும், ஒரே வகைப் பிரச்சினைகளை எதிர்கொண்டார்கள். ஏனெனில் களிமண்ணின் ஸ்வபாவமும் அக்கினியின் ஸ்வபாவமும் எந்தத் தேசத்திலும் மாறுவதில்லை.

பச்சை மண் பாண்டமாவது சூளையிலேதான். பாண்டங்களை வட்டமாக அடுக்கி, இடையிடையே விறகும் தேங்காய் மட்டையும் செருகி, மேலே வைக்கோல் பரப்பிச் சேற்றால் மெழுகித் தீமூட்டுவது நம் நாட்டு முறை. முதல் சில மணி நேரம் தீ மெலிந்தே இருக்கவேண்டும். நூறு டிகிரியை ஒட்டித் தகடுகளுக்கிடையே ஒளிந்திருந்த நீர் ஆவியாகிறது; அவசரப்பட்டால் அவ்வாவி வெளியேற வழியின்றிப் பாண்டத்தைச் சிதறடித்துவிடும். வெப்பம் 450 முதல் 600 டிகிரி வரை உயரும்போது நிகழ்வதோ வேறு வகையானது. களிமண்ணின் உடலோடு இரசாயன முறையில் பிணைந்திருந்த நீர் அப்போதுதான் பிரிகிறது. தூய வெண்களிமண்ணின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பங்கு இந்த நீரே. அது ஒருமுறை பிரிந்துவிட்டால், பின்பு எத்தனை நாள் தண்ணீரில் ஊறவைத்தாலும் பாண்டம் பழைய சேறாகத் திரும்புவதில்லை. வெயிலில் காய்ந்த பானை ஒரு மழையில் கரைந்துவிட, ஆதிச்சநல்லூர்த் தாழி காலத்தைக் கடந்து நிற்பதற்கு இதுவே காரணம். இடையில் 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென்று பருக்கிறது. ஆறும்போது அதே இடத்தில் மறுபடியும் சுருங்குகிறது. சூளையை அவசரமாகப் பிரித்தால் பானைகள் கீறல்விடுவதன் மர்மம் இதில்தான் இருக்கிறது.

எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரியை நெருங்கும்போது துகள்கள் ஒன்றையொன்று தொடும் முனைகளில் இளகி ஒட்டிக்கொள்ளத் தொடங்குகின்றன. ஆனால் அவற்றுக்கு இடையேயுள்ள வெற்றிடங்கள் இன்னும் அடைபடவில்லை. நம் குயவர் தீயை நிறுத்துவது இந்த இடத்தில்தான். இன்னும் மேலே சென்று ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தாண்டினால் கற்பாண்டமும், ஆயிரத்து முந்நூறுக்கு மேல் சீனத்துப் பீங்கானும் உண்டாகும்; அவற்றில் துகள்கள் உருகிக் கண்ணாடிபோல் பரவி எல்லாத் துளைகளையும் மூடிவிடுவதால் ஒரு சொட்டும் கசியாது. நாட்டுச் சூளையில் வெந்த பானையின் சுவரிலோ, கண்ணுக்குப் புலப்படாத துளைகள் அதன் பருமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று தொடர்புற்று நிற்கின்றன. இதைக் கண்டு, பீங்கான் முதிர்ந்த கலையென்றும் மண்பானை முதிராத கலையென்றும் கருதுவோர் உண்டு. அந்த அபிப்பிராயம் பொருந்தாது. தண்ணீர்ப்பானையின் பயனுக்கு எது தேவையோ அந்த நிலையில் தீயை நிறுத்துவது, தீயை மேலே ஏற்றுவதைப் போலவே தேர்ச்சி வேண்டும் காரியம். வாங்குவோர் தட்டிப் பார்ப்பதும் இதை அறிவதற்கே. துகள்கள் நன்கு ஒட்டிய பானை கணீரென்று ஒலிக்கும். வேகாததும் கீறியதும் அதிர்வை உள்ளேயே விழுங்கி மொத்தென்று ஒலிக்கும்.

நிறத்தின் கதையும் நெருப்பின் கதையே. மண்ணிலுள்ள இரும்பு, சூளையில் தாராளமாகக் காற்றோட்டம் இருந்தால் பிராணவாயுவோடு முழுமையாகக் கூடிச் சிவக்கிறது. காற்றை அடைத்துப் புகையை மூட்டினால், புகையிலுள்ள வாயுக்கள் இரும்பிடமிருந்து பிராணவாயுவைப் பறித்துக்கொள்ள, அதே மண் கறுக்கிறது. கரித்துகளும் துளைகளில் புகுந்து கருமையை மிகுவிக்கிறது. பாண்டத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறமும் வாயும் கறுத்து, வெளிப்புறம் சிவந்து, ஒரே சூட்டில் இரண்டு நிறங்கள் உண்டாகும் என்று கறுப்புச் சிவப்புப் பாண்டங்களுக்கு ஆராய்ச்சியாளர் விளக்கம் கூறுகிறார்கள். கொயொதேபெக் ஊரார் உலகப் புகழ் பெற்றதும் இதே இரசாயனத்தால்தான். தோன்யா ரோஸா என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அவ்வூர்ப் பெண்மணி, பாண்டம் முற்ற உலர்வதற்கு முன் அதன் மேற்பரப்பைப் படிகக் கல்லால் தேய்த்து மெருகேற்றி, சற்றுக் குறைந்த சூட்டில் புகைமூட்டிச் சுட்டபோது, சாம்பல் நிறமாக இருந்த ஊர்ப் பாண்டம் பளபளக்கும் கறுப்பாக மாறியது. ஆனால் அந்தக் குறைந்த சூட்டின் விளைவாக அப்பாண்டம் நீர் தங்காத அலங்காரப் பொருளாகிவிட்டது. அழகைக் கூட்டியபோது குடிநீரைக் கைவிட நேர்ந்ததென்பது, தீயின் எல்லை எவ்வளவு நுட்பமானதென்பதற்கு ஒரு சான்று.

இனிப் பானை நீர் குளிரும் விதத்தைக் கவனிப்போம். துளைகளின் வழியே நுண்ணிய அளவில் ஊறி வெளிச்சுவரை அடையும் நீர், அங்கே காற்றில் ஆவியாகிறது. நீர் ஆவியாவதற்கு உஷ்ணம் வேண்டும். ஒரு கிராம் நீருக்கு ஏறத்தாழ 580 கலோரி. அந்த உஷ்ணத்தின் பெரும்பகுதியைப் பானையும் அதனுள் உள்ள நீருமே கொடுக்கின்றன. பத்து லிட்டர் நீரை ஐந்து டிகிரி குளிர்விக்க 50,000 கலோரி அகற்றப்படவேண்டும். இதற்கு 86 கிராம் நீர், அதாவது அரைத் தம்ளர் அளவு, ஆவியானால் போதும் என்று கணக்கு சொல்லுகிறது. வெளிக்காற்றிலிருந்தும் இடைவிடாது உஷ்ணம் உள்ளே வந்துகொண்டிருப்பதால், உண்மையில் இதைவிடச் சற்று அதிகமாகவே செலவாகும். சுவர் தடித்திருந்தால் நீர் வந்து சேரத் தாமதமாகிறது. துளை பெருத்திருந்தால் ஆவியாவதற்கு முன்பே சொட்டி வீணாகிறது. பானைக்கு அடியில் ஈரமணல் பரப்புவதும், காற்று வீசும் வாசலோரத்தில் வைப்பதும், மின்விசிறி காணாத காலத்தவர் இக்கணக்கை அறியாமலே அறிந்து செய்தவை. ஆண்டு ஒன்றிரண்டு சென்றபின் பழைய பானை குளிர்ச்சி குன்றுவதும் இதே காரணத்தால். கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து துளைகளில் படிந்து வழியை அடைத்துவிடுகிறது.

இந்தச் சாஸ்திரத்தைச் சோதிப்பதற்கு இயற்கையே அமைத்த ஆய்வுக்கூடம் தென்காசிப் பகுதி. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து, செங்கோட்டைக் கணவாயின் வழியாக நுழையும்போது, குற்றாலத்தில் சாரல் பொழிகிறது. காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது. அதே காற்று கிழக்கே சமவெளிக்கு இறங்கும்போது, அழுத்தம் மிகுவதால் சூடேறி, ஈரப்பதம் குறைந்து, ஆலங்குளம், சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் வறண்ட காற்றாகிவிடுகிறது. ஆவியாதலால் நீர் எந்த அளவுக்குக் குளிரக்கூடும் என்பதற்கு இயற்கை ஓர் எல்லை விதித்திருக்கிறது; வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றி விசிறினால் அது காட்டும் அளவே அவ்வெல்லை. உதாரணமாக, சாரல் நாளில் குற்றாலத்துக் காற்று 26 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு 95-உம் என்று கொண்டால், பானை நீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்க வழியில்லை. பானை ஈரமாகவே நிற்கும், குளிர்ச்சியில் ஒரு டிகிரிகூட லாபம் காட்டாது. சமவெளியில் காற்று 36 டிகிரியும் ஈரப்பதம் 40-உம் என்று கொண்டால், அங்கும் கணக்கு தருகின்ற எல்லை அதே 25 டிகிரிதான்! நடைமுறையில் பானை அந்த எல்லைக்கு இரண்டு மூன்று டிகிரி மேலேயே நின்றுவிடும் என்பது உண்மையே. ஆயினும் மலையோரத்திலிருந்து கீழே இறங்கிய காற்று வழியில் இழந்த குளுமையில் பெரும்பங்கை, வெயிலில் காயும் ஊரிலே ஒரு மண்பானை மீட்டுத் தருகிறது என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. குற்றாலத்துச் சாரலில் பயனற்று இருக்கும் பானை ஆலங்குளத்து வெயிலில் மதிப்புப் பெறுகிறது. பானையின் குணம் பானையில் மட்டும் இல்லை, அது நிற்கும் ஊரின் காற்றிலும் இருக்கிறது.

புதுப்பானையில் முதல் நீர் ஊற்றியவுடன் எழும் மணத்துக்கும் துளைகளே பொறுப்பு. உலர்ந்த களிமண் பரப்பு, காற்றில் உலவும் தாவர எண்ணெய் ஆவிகளை மெல்ல ஈர்த்து வைத்துக்கொள்கிறது. நீர் பட்டதும் அவ்விடத்தை நீர் பிடித்துக்கொள்ள, மணம் வெளிப்படுகிறது. 1964-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் இருவரும் புதுமழை மணத்தை ஆராய்ந்து இவ்வாறு விளக்கினார்கள். சுட்ட மண்ணிலிருந்து அந்த மணத்தை வடித்துச் சந்தன எண்ணெயில் பிடித்து அத்தராக விற்கும் கன்னோசி நகரத்தாரோ இவ்வாராய்ச்சிக்கு வெகுகாலம் முன்பே அதை அறிந்திருந்தார்கள். மெக்ஸிகோவின் டொனாலா என்னும் ஊரில் செய்யப்பட்ட மணமுள்ள செந்நிறக் குவளைகள் பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துப் பிரபுக்களின் மாளிகைகளுக்குக் கப்பலேறிச் சென்றன. குளிர்ந்து மணத்த நீரைப் பருகியதோடு நில்லாமல், அம்மாளிகைப் பெண்கள் குவளையையே கடித்துத் தின்றதாகவும் செய்திகள் உண்டு. 1656-இல் வெலாஸ்கெஸ் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’ என்னும் உலகப் புகழ்பெற்ற ஓவியத்தில், சிறுமியான இளவரசிக்குத் தோழி ஒருத்தி தட்டில் வைத்து நீட்டும் சிறிய சிவப்புக் குவளை இவ்வகையைச் சேர்ந்ததே என்று கலை வரலாற்று அறிஞர் பலர் கருதுவர்.

துளை எல்லாச் சமயத்திலும் வேண்டப்படுவதன்று. குழம்புச் சட்டி தண்ணீர்ப்பானையைப் போலக் கசிந்தால் அடுப்பு அணைந்துபோகும். ஆகையால் நம் வீடுகளில் புதுச்சட்டியை வாங்கியதும் நீரில் ஊறவைத்து, கஞ்சியோ அரிசி கழுவிய நீரோ ஊற்றிக் காய்ச்சிப் பழக்குகிறார்கள். அரிசி மாவு சூட்டில் கூழாகித் துளைகளுக்குள் புகுந்து அவற்றை அடைக்கிறது. நாளடைவில் எண்ணெயும் அந்த வேலையில் சேர்ந்துகொள்கிறது. மேல்நாட்டார் கண்ட வழி கண்ணாடிப் பூச்சு. ஸ்பானியர் மெக்ஸிகோவில் 1531-இல் நிறுவிய புவெப்லா நகரில், வெள்ளீயமும் காரீயமும் கலந்த பூச்சின்மேல் நீல வர்ணம் தீட்டிய தலவேரா பாண்டங்கள் தோன்றின. 1653-ஆம் ஆண்டளவில் அங்குள்ள குயவர் சங்கத்துக்கு விதிகளே வகுக்கப்பட்டன. அக்கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2019-இல் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எளிய குயவரோ காரீய ஆக்ஸைடை மட்டும் பூசிச் சுட்டார்கள். சாதாரணச் சூளையின் குறைந்த சூட்டிலேயே உருகிப் பளபளப்பது அதன் நன்மை; சரியாக வேகாத பூச்சிலிருந்து எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்புப் பண்டங்களில் காரீயம் கரைந்து வந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது அதன் தீமை. மெக்ஸிகோ அரசின் கைவினை நிறுவனமான ஃபோனார்ட், காரீயத்துக்குப் பதிலாகப் போரான் சேர்ந்த பூச்சுகளைப் பரப்பிவருகிறது. ஆயினும் பழைய பழக்கம் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. நம் பக்கத்துக் குயவர் பளபளப்பை நாடாமல் துளையோடு வாழப் பழகியது, இந்த ஒரு விஷயத்தில் நமக்கு நேர்ந்த நற்பேறாகும்.

பனைமரத்துக் கலயமும் இங்கே நினைவுக்குரியது. பாளையின் நுனியிலிருந்து சொட்டும் சாறு இனிப்பு மிகுந்தது. அதைத் தாங்கும் கலயத்தின் துளைகளிலோ நேற்றைய சாற்றிலிருந்த ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் குடியிருக்கின்றன. கலயத்தை வெறுமையாகக் கட்டினால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால், அதன் காரத்தில் நுண்ணுயிர்கள் பெருக முடியாமல் போக, சாறு பதநீராகவே நிற்கிறது. ஒரே மரம், ஒரே கலயம். ஒரு விரல் சுண்ணாம்பு இரண்டு பானங்களையும் பிரித்துவிடுகிறது. மெக்ஸிகோவின் புல்கேயிலும் நிகழ்வது இந்தப் புளிப்புத்தான். 1920-களில் ஜெர்மானியரான பால் லிண்ட்னர் புல்கேயிலிருந்து பிரித்தெடுத்த ஸைமோமோனாஸ் என்னும் பாக்டீரியா, பனங்கள்ளிலும் வாழ்வது பின்னர் தெரியவந்தது. கடல்கள் இடையிட்ட இரு தேசத்துக் கலங்களிலே ஒரே நுண்ணுயிர் ஒரே தொழிலைச் செய்துகொண்டிருந்தது.

மண்பானை நீரைப் பற்றி இக்காலத்தில் மிகைப்பட்ட கூற்றுகள் பல உலவுகின்றன. அது நோய்க்கிருமிகளைக் கொல்லும் என்றும், சகல வியாதிகளையும் தீர்க்கும் என்றும் சொல்வதைக் கேட்டு யாரும் ஏமாறலாகாது. பானைக்குள் இருக்கும் நீர், துளையின் வழியே வடிகட்டப்பட்டு நம் குவளைக்கு வருவதில்லை. ஊற்றியது எதுவோ அதையே மொண்டு குடிக்கிறோம். ஆதலால் நல்ல நீரை ஊற்றுவதும், வாயை மூடிவைப்பதும், கையை விடாமல் நீண்ட கைப்பிடியுள்ள பாத்திரத்தால் மொள்ளுவதும், அவ்வப்போது தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்துவதும் அவசியம். துளையைக் கொண்டே நீரைச் சுத்திகரிக்கவும் முடியும் என்பது வேறு விஷயம். 1981-இல் குவாத்தமாலா நாட்டு ரசாயன அறிஞர் ஃபெர்னாண்டோ மசாரியெகோஸ், களிமண்ணோடு மரத்தூளைக் கலந்து கலம் செய்து, சூளையில் தூள் எரிந்துபோன இடமெல்லாம் நுண்துளையாக, அதன்மேல் வெள்ளிக் கரைசல் பூசி, கலத்தின் வழியாகவே நீரைச் சொட்டவிடும் வடிகட்டியை உருவாக்கினார். மணிக்கு ஓரிரண்டு லிட்டர் வீதம் மெதுவாகக் கசியும் அந்நீரில் பாக்டீரியா பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஊர்க் குயவரே செய்யத்தக்க இச்சாதனம் பின்னர் ஏழை நாடுகள் பலவற்றுக்கும் பரவிற்று.

இத்தனை நுட்பம் வாய்ந்த கலையைக் கையாளுவோரின் நிலைமையோ நுட்பமற்ற இடர்களால் சூழப்பட்டிருக்கிறது. குளத்து மண்ணை எடுக்க அனுமதி வேண்டும். விறகின் விலை ஏறுகிறது. மழைக்காலம் முழுவதும் பாண்டம் உலராமல் தொழில் நின்றுபோகிறது. மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பெயருக்கு வரும் மதிப்பு பொருளின் குணத்தை அளந்து காட்டுவதாகாது. தேன்பொத்தைப் பானையும் காருகுறிச்சிப் பானையும் நாளொன்றுக்கு எத்தனை கிராம் நீரைக் கசியவிடுகின்றன, எந்த மண்ணும் எவ்வளவு மணலும் எந்தச் சூடும் அந்த அளவைத் தருகின்றன என்று யாரேனும் முறையாக அளந்தால், அதனால் வனைவோருக்கும் வாங்குவோருக்கும் நன்மை உண்டு. இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு தராசு, இரண்டு வெப்பமானி, ஈரத்துணி ஒரு துண்டு. குற்றாலம், தென்காசி, ஆலங்குளம் ஆகிய மூன்று ஊர்களில் உள்ள பள்ளி மாணவர், ஒரே சூளையில் வெந்த ஒரே அளவுள்ள பானைகளை வைத்து, காலையிலும் மாலையிலும் நிறுத்து எழுதிவந்தால், ஓர் ஆனி மாதத்துக்குள் போதிய விவரங்கள் சேர்ந்துவிடும். அவ்விவரங்களைக் கொண்டு, வறண்ட ஊருக்கு அதிகம் கசிவது, ஈரமான ஊருக்குக் குறைவாகக் கசிவது என்று பானைகளைத் தரம் பிரித்து விற்கும் நாளில், குயவரின் கைத்திறனுக்குக் கடைத்தெருவிலே ஓர் எண் கிடைக்கும். எண் கிடைத்த பொருளுக்கு விலை கேட்பது சுலபம்.